பதினோரு கிணறுகளின் அடியில்

11 ஆகஸ்ட் 2002
இங்கிலாந்து

அண்ணனுக்கு,

போனை நீ பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாய். வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற ஆள் நீ.

நம் ஊர்ச் சர்ச்சில் ஜனங்கள் சொல்லி நீ கேள்விப்பட்டது உண்மைதான். நான் படகில்தான் குடியிருக்கிறேன். இந்த ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் மூன்று வாடகை அறை மாறினேன். முதல் வீட்டுக்காரிக்கு நான் கருவாடு வறுத்தது பிடிக்கவில்லை. இரண்டாவது ஆள் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்றான். மூன்றாமவள் என் ஈரத்துணியை எங்கே காயப்போடுவது என்று சட்டம் எழுதி ஒட்டினாள். போங்கடா என்று ஒரு பழைய படகை வாங்கிவிட்டேன். மேல்வீடும் இல்லை, கீழ்வீடும் இல்லை. இப்போது கருவாடு வறுத்தால் வாத்துகள்தான் மூக்கைத் தூக்கிப் பார்க்கின்றன.

படகு என்றதும் மெரினாவில் கிடக்கிற மீன்படகை நினைக்காதே. பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு ஒன்றை நினைத்துக்கொள். வாசல் ஏழடிதான். உள்ளே போனால் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதைத் தூக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அதுதான் என் வீடு. படுக்கை, அடுப்பு, குளியல் எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக. கடைசியில் நின்றுகொண்டு சுக்கானைப் பிடித்து ஓட்ட வேண்டும். நடந்து போகிற வேகத்துக்கு மேல் போகாது. அந்தக் காலத்தில் நிலக்கரி ஏற்றிப் போக வெட்டிய கால்வாய்கள் இங்கே ஊரெல்லாம் ஓடுகின்றன. அதில்தான் இருக்கிறேன்.

இப்போது நீ போனை வைத்த இடத்துக்கு வருகிறேன். அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு வேறு ஆஸ்பத்திரியில் வேலை, தீவிர சிகிச்சைப் பிரிவில். கேட்டு, தேர்வு எழுதி வாங்கிய இடம். அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கால்வாய் அந்த மலையைச் சுற்றிப் போகவில்லை, குடைந்துகொண்டு போகிறது. ஒன்றரை மைல் சுரங்கம். வேறு கால்வாய்கள் வழியாகச் சுற்றினால் பதினைந்து நாள் ஆகும், எனக்கு அவ்வளவு லீவு கிடையாது. ஆகவே சுரங்கத்துக்குள் படகை நான் ஓட்டிக்கொண்டு போகப் போகிறேன். நானே, தனியாக.

இதைச் சொன்னதும் "அந்தப் பேச்சை எடுக்காத" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். அப்பா இறந்த கிணறு உன் கண் முன்னால் வந்து நின்றது. எனக்கும் வந்தது. நான் போனை வைக்கவில்லையே.

அபி

*

21 ஆகஸ்ட் 2002
காஞ்சிபுரம்

அபிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். அப்படி எழுதினால் அது பொய். உன்னால் நான் சுகமாக இல்லை.

உன் அண்ணி மரியம்மாள் உன் கட்சி. "உங்க தங்கச்சி இன்னா சின்னக் கொழந்தையா? ஒரு வார்டையே கட்டி மேய்க்கிறா. ஒரு படகு ஓட்ட மாட்டாளா?" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறாள். அவளுக்கு என்ன தெரியும். அவள் இந்த வீட்டுக்கு வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

நம் தாத்தா கிணறு தூர் வாரினார். அப்பா ஏசுபாதம் கிணறு தூர் வாரினார். இந்த ஊரில் பட்டு நெய்கிற தெருவில் ஒரு வீட்டுக் கிணற்றிலும் வாளி விட நமக்கு உரிமை கிடையாது. உள்ளே இறங்கிச் சேறு அள்ள மட்டும் உரிமை. அப்படி இறங்கித்தான் அப்பா செத்தார். புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே சத்தியம் செய்தேன், நம் வம்சத்தில் இனி ஒருத்தரும் தரைக்குக் கீழே போகக் கூடாதென்று. பதினாறு வருஷமாகக் குழாய் மாட்டுகிறேன், மோட்டார் கட்டுகிறேன். எல்லாம் தரைக்கு மேலேதான். திருமுக்கூடலில் ஒரு பண்ணைக் கிணற்றில் நாலு படி இறங்கச் சொன்னார்கள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னை நர்ஸ் படிக்க வைத்ததும் அதற்குத்தான். வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் நிற்க வேண்டும் என்று. நீ கடல் தாண்டிப் போய், தேடிக் கண்டுபிடித்து, ஒரு பொந்துக்குள் போகிறேன் என்கிறாய்.

படகை விற்றுவிடு. கருவாடு தின்னாமல் இரு, உயிர் போகாது. நாலாவதாக ஓர் அறை பார்.

அந்தப் பொந்துக்குள் நீ போனால் எனக்குத் தங்கை இல்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சாமுவேல்

*

1 செப்டம்பர் 2002

தங்கை இல்லாத அண்ணனுக்கு,

விற்க மாட்டேன். கருவாடும் தின்பேன்.

போன சனிக்கிழமை பஸ் பிடித்துச் சுரங்கத்தின் வாயைப் பார்த்துவிட்டு வந்தேன். செங்கல் வளைவு, என் படகைவிடக் கொஞ்சம்தான் அகலம். தண்ணீர் துருப்பிடித்த நிறம். பக்கத்தில் காவலர் அறை. டெரிக் என்று ஒருத்தர், அறுபது வயது இருக்கும். தனியாகவா வருகிறாய் என்று இரண்டு தரம் கேட்டார். தனியாகத்தான் என்று இரண்டு தரம் சொன்னேன்.

அந்த அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். இந்தச் சுரங்கத்தை எப்படி வெட்டினார்கள் தெரியுமா? மலையின் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் முடித்தார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை அண்ணா. முதலில் மலை உச்சியிலிருந்து வரிசையாகக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். பதினோரு கிணறு. ஒவ்வொன்றிலும் ஆளைக் கயிற்றில் இறக்கி, அடியிலிருந்து இரண்டு பக்கமும் தோண்டி, ஒரு கிணற்றை இன்னொன்றோடு சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் கை வேலை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்களிலும் நம் அப்பா மாதிரி ஆள்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களின் பெயர் ஒன்றும் அந்தப் படத்தில் இல்லை. கட்டச் சொன்னவர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது.

மோட்டார் வருவதற்கு முன்னால், படகில் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதில் இரண்டு ஆள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, சுவரில் காலை வைத்து நடந்தே படகைத் தள்ளிக்கொண்டு போவார்களாம். இழுத்து வந்த குதிரை மட்டும் மலைமேல் காற்றாட நடந்து போகுமாம். குதிரைக்கு இருந்த மரியாதையைப் பார்.

படகுத்துறையில் இருக்கிற ஆண்கள் என்னைக் கண்ணே மணியே என்று கூப்பிட்டு, எங்கள் பையன் ஒருத்தன் ஓட்டிக் கொடுத்துவிடுவான், நீ பஸ்ஸில் அந்தப் பக்கம் வந்து நில் என்கிறார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். கிணற்றுக்கு ஒரு வாய்தான். போன வழியாகத்தான் வர வேண்டும், மேலே இருக்கிறவன் இழுத்தால்தான் வர முடியும். நம் வீட்டில் எல்லாரும் அப்படியே இறங்கினார்கள், அப்படியே இழுக்கப்பட்டார்கள். இதற்கு இரண்டு வாய். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் நானாக வெளியே வருவேன். அது எனக்கு வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பதினாறு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. அப்பா செத்த அன்றைக்கு, பட்டு நெய்கிற தெருவில் உமாபதி வீட்டுப் பின்சந்தில், உங்கள் இரண்டு பேருக்கும் கொண்டுவந்த கூழ்த் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. நீ கிணற்று மேட்டிலிருந்து "இருக்கியா?" என்று கூப்பிடுவாய். அப்பா உள்ளிருந்து "இருக்கேன்" என்பார். அதுதானே நம் வேலையின் முதல் சட்டம். மேலே இருக்கிறவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருக்கிறவன் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்த நிமிஷமே கயிற்றை இழுக்க வேண்டும்.

அப்பாவின் குரல் நிற்பதற்கு முன்னால் உன் குரல் நின்றது, அண்ணா. நான் கேட்டேன்.

நீ என்னைப் பொந்துக்குள் போகாதே என்று சொல்வது எனக்காக இல்லை.

அபி

*

12 செப்டம்பர் 2002

அபிக்கு,

நீ எழுதியது சரி. நின்றது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மரியம்மாளுக்கும் தெரியாது. அன்றைக்கு உமாபதியின் பெரிய மகளைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் முன்கட்டில். நாங்கள் பின்கட்டில். காலையில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தோம், நன்றாக எரிந்தது. காற்று நல்ல காற்று என்றுதான் அப்பா இறங்கினார். சேற்றைக் கிளறக் கிளற அடியிலிருந்து கெட்ட காற்று கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். அதற்குத்தான் குரல்.

உமாபதி வேகமாகப் பின்னால் வந்தார். "ஏம்பா, இன்னாத்துக்கு இப்படிக் கத்திக்கினு இருக்கே? உள்ள பெரிய மனுசங்க பேசிக்கினு இருக்காங்க. கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு வேலையப் பாரு" என்றார்.

நான் மூடினேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதே. அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம் இருக்கும். எனக்கு இருபது வயது. அவரை எதிர்த்துப் பேசலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. பிறகு மெதுவாக, ரகசியம் பேசுகிற மாதிரி "இருக்கியா?" என்றேன். பதில் இல்லை. சரியாகக் கேட்டிருக்காது என்று இன்னொரு தரம் மெதுவாகக் கூப்பிட்டேன். அந்த இரண்டாவது தரம்தான் என்னைத் தின்கிறது. அப்போதாவது கத்தியிருக்கலாம்.

கால் வழுக்கி விழுந்தான் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். மறுவாரம் கிணற்றுக்குத் தீட்டுக் கழிக்க ஐயரை வரவழைத்தார்கள். அவர் முன்வாசல் வழியாக வந்தார். அப்பாவைப் பின்சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

இந்த வருஷம் மழை இல்லை. ஆழ்துளைக் குழாய் எல்லாம் வற்றிவிட்டது. தெருவில் பழைய கிணறுகளை மறுபடியும் திறக்கிறார்கள். உமாபதி மூன்று தரம் ஆள் அனுப்பிவிட்டார். அதே கிணறு. பழைய மோட்டாரின் குழாய் அறுந்து அடியில் சிக்கியிருக்கிறதாம், ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டுமாம். என்னைவிட்டால் அந்தக் கிணற்றின் அடி தெரிந்தவன் யாரும் இல்லை. மூன்று தரமும் முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

நீ போவாய். உன்னை எனக்குத் தெரியும். தங்கை இல்லை என்று எழுதியது எழுதியதுதான், அதை மாற்றவில்லை. ஆனால் போவதென்றால் விளக்கைக் கொளுத்தி முன்னால் கட்டு. அது மங்கினால் அந்த இடத்திலேயே திரும்பு. திரும்ப முடியாத இடத்தில் நிற்காதே. யார் என்ன சொன்னாலும், வெள்ளைக்காரனே வந்து சொன்னாலும், வாயை மூடாதே. குரல் கொடுத்துக்கொண்டே போ.

சாமுவேல்

*

27 செப்டம்பர் 2002

அண்ணா,

உன் கடிதத்தைப் பத்து தரம் படித்தேன். உன் குரல் நின்றது என்று எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் அது நடந்தது. ஆனால் அதை நிறுத்தியது நீ என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதற்காக அழுதேன். நீ பால் பொங்குகிற நேரம் என்று எழுதியிருந்த இடத்தில் காகிதம் ஈரமாகி எழுத்து கலைந்துவிட்டது.

நாளைக் காலை பத்து மணிக்கு என் முறை. விளக்கு கொளுத்தக் கூடாது. உள்ளே எந்தத் தீயும் கூடாது என்று டெரிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அடுப்பைக்கூட இன்றே அணைத்துவிட்டேன். முன்னால் மின்சார விளக்கு இருக்கிறது. காற்றுக்கு அந்தப் பக்கத்தில் பெரிய மின்விசிறிகள் இருக்கின்றன. நல்ல காற்றுதான், விசாரித்துவிட்டேன்.

படகில் பழைய பெயர் உரிந்துபோய்க் கிடந்தது. பெயரை மாற்றினால் படகுக்கு ஆகாது என்று இங்கே எல்லாருக்கும் பயம். சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைப் பெயிண்டில், இரண்டு பக்கமும், தமிழிலேயே எழுதிவிட்டேன். ஏசுபாதம். "தம்" கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. பரவாயில்லை.

அபி

*

29 செப்டம்பர் 2002

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் படித்துக்கொள். பிறகு மற்றதைப் படி.

நேற்றுக் காலை டெரிக் என்னை நிற்கவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மிதவைச் சட்டையைக் கழற்றாதே. கையைச் சுவர்ப்பக்கம் நீட்டாதே. ஆபத்து என்றால் ஹாரனை நீளமாக அடி, கொஞ்சம் விட்டு மறுபடி நீளமாக அடி, நாங்கள் வந்துவிடுவோம். ஒன்றுமில்லை என்றால் சத்தமே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எல்லாம் காதில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது.

உள்ளே நுழைந்து ஐந்து நிமிஷத்தில் பின்னால் இருந்த வெளிச்சம் ஒரு பொத்தானாகச் சுருங்கி, அணைந்தே போனது. குளிர் கால் வழியாக ஏறியது. படகை நேராக வைக்கவே இரண்டு கையும் வேண்டும். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் சுக்கானை இடப்பக்கம் தள்ள வேண்டும், பயத்தில் அது தலைகீழாகிவிடுகிறது. இரண்டு தரம் சுவரில் இடித்தேன். இரும்பு உரசுகிற சத்தம் பல்லுக்குள் கேட்டது. கூரை தாழ்ந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நான் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. பயமில்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். தொடை நடுங்கியது. இருந்தாலும் சுக்கானை விடவில்லை.

அப்போது மேலிருந்து சடசடவென்று தண்ணீர் தலையில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். கிணறு. முதல் கிணறு. இருட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது, உச்சியில் நகம் அளவு வானம். அதன் அடியில் நான். அப்பா நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். என்னை அறியாமல் கை ஹாரனுக்குப் போனது. நீளமாக ஓர் அடி. இருக்கேன் என்று சொல்கிற மாதிரி.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு டெரிக் சொன்னது ஒன்றும் என் தலையில் இல்லை. அடுத்த கிணறு வந்தது, அடித்தேன். அதற்கடுத்தது வந்தது, அடித்தேன். சிலவற்றை மேலே மூடியிருந்தார்கள், தண்ணீர் சொட்டுவதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒன்றையும் விடவில்லை. ஹாரன் போதாமல் நானும் கத்தினேன். "இருக்கேன்! இருக்கேன்!" சுரங்கம் முழுக்க அது உருண்டு போய்த் திரும்பி வந்தது. அண்ணா, எனக்குப் பயம் போய்விட்டது. சிரித்துக்கொண்டே கத்தினேன். அந்தக் கிணறுகளில் இறங்கிப் பெயர் இல்லாமல் போனவர்களுக்கும் சேர்த்துக் கத்தினேன்.

பதினோராவது கிணற்றைத் தாண்டியதும் வெளிச்சம் தெரிந்தது. நெருங்கிப் பார்த்தால், வெளியே ஆம்புலன்ஸ். தீயணைப்பு வண்டி. உள்ளே வர ஒரு படகை இறக்கிக்கொண்டு, கயிறும் கையுமாக ஆறு பேர். என்னை ஏற்றிப் போவதற்கு ஸ்ட்ரெச்சர். மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஜீப்பை விரட்டிக்கொண்டு வந்த டெரிக், முகமெல்லாம் சிவந்து நிற்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் சத்தம் வந்தால் ஆபத்து. நம் ஊரில் சத்தம் நின்றால்தான் ஆபத்து. நாற்பத்தைந்து நிமிஷமாக நான் நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, அவர்களுக்குச் சாகிறேன், சாகிறேன் என்று கேட்டிருக்கிறது.

டெரிக் கத்தினார். கத்தட்டும், என் மேல்தான் தப்பு. எனக்குப் பின்னால் இன்னும் மூன்று படகு காத்திருந்ததாம். மன்னிப்புக் கேட்டேன், மனசாரக் கேட்டேன். ஆனால் அவருடைய மேலதிகாரி ஒருத்தர் வந்து, இனிமேல் ஒரு ஆணைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்றார். அதற்கு மட்டும் முடியாது என்றேன். படகில் கீறல் தவிர வேறு என்ன ஆயிற்று, நீங்களே பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். படகின் பெயர் என்ற இடத்தில் ஏசுபாதம் என்று எழுதினேன். ஹாரன் அடித்ததற்கான காரணம் என்று ஒரு கோடு. டெரிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "உயிரோடு இருந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, இது என்ன காரணம் என்று கேட்டார். கரையில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிச் சொன்னேன். உமாபதி வாயை மூடச் சொன்னதைச் சொல்லும்போது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்தப் படிவத்தை அப்படியே அனுப்பிவிட்டார், திருத்தச் சொல்லவில்லை.

ஏசுபாதம் அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது, அண்ணா. யாரும் இழுக்காமல்.

தங்கை இல்லை என்று நீ எழுதியதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இதுதான் பதில். கரையிலிருந்து கூப்பிடுகிறேன்.

இருக்கியா?

அபி

*

17 அக்டோபர் 2002

அபிக்கு,

உன் கடிதத்தை மரியம்மாள் சத்தமாகப் படித்தாள். ஆம்புலன்ஸ் வந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவள் மீதியைப் படிப்பதற்கு முன்னால், உமாபதி என்னை வாய் மூடச் சொன்னதை நானே அவளிடம் சொன்னேன்.

மறுநாள் உமாபதியே நம் வீட்டு வாசலுக்கு வந்தார். எழுபது வயது, தடி ஊன்றி வந்தார். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை, சாயம் போடவும் தண்ணீர் இல்லை என்றார். வந்து எடுத்துக் கொடு சாமுவேல் என்றார்.

எடுக்கிறேன் என்றேன். எனக்கே என் குரல் ஆச்சரியமாக இருந்தது. "ஆனா முன்வாசல் வழியாத்தான் வருவேன். மேல நின்னு குரல் குடுக்க என் சம்சாரம் வருவா. அவ கத்துவா. யாரும் அவள ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றேன்.

"காலம் மாறிப்போச்சுப்பா. வாப்பா, நான் எப்பப்பா வராதேன்னு சொன்னேன்?" என்றார்.

"நீங்க வராதேன்னும் சொல்லல. வான்னும் சொல்லல" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் போனோம். முன்வாசலில் செருப்பைக் கழற்றினேன். அது வீட்டுக்குள் போகிற எவரும் செய்வது, அதனால் செய்தேன். உள்ளே நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும் என்று எழுதியிருந்தாயே, சரிதான். கூடத்தில் இரண்டு பக்கமும் தறி. நடுவில் நடக்கிற அளவு இடம். நாங்கள் போகப் போக ஒவ்வொரு தறியாக நின்றது. அந்த அமைதியில் மரியம்மாளின் கொலுசுச் சத்தம் மட்டும். இத்தனை வருஷம் அந்த வீட்டின் பின்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரியும். முப்பத்தாறு அடி நடந்தேன், எண்ணிக்கொண்டே போனேன். தொடை நடுங்கியது. நீ எழுதியபடியே.

விளக்கைக் கட்டி உள்ளே விட்டோம். எரிந்தது. இறங்கினேன். முதல் படியில் கால் வைத்தபோது அப்பாவின் வேட்டி வாசனை வந்தது, நம்பினால் நம்பு. சேறு இடுப்பளவு. குழாய் ஒரு கல்லுக்கடியில் செருகிக்கொண்டிருந்தது.

மரியம்மாள் கூப்பிட்டாள் பார், அம்மாடி. பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்டிருக்கும். "இருக்கியாஆஆ?" என்று. "இருக்கேன்" என்றேன். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி சொன்னேன். அப்போது உமாபதியின் மருமகன், அன்றைக்கு ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்தவனே, முன்கட்டிலிருந்து வந்து "இன்னாமா இது, கொஞ்சம் மெதுவா" என்று ஆரம்பித்தான். மரியம்மாள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லையாம். முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாள். அவன் போய்விட்டானாம்.

கொஞ்ச நேரத்தில் கிணற்று மேட்டில் இன்னொரு தலை தெரிந்தது. உமாபதி. குனிந்து பார்த்தார். நடுங்குகிற குரலில் "சாமுவேல், இருக்கியாப்பா?" என்றார். பதினாறு வருஷம் கழித்து.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. மரியம்மாள் கூப்பிட்டாள். அவளுக்குச் சொன்னேன்.

குழாயை எடுத்துவிட்டேன். மேலே வந்ததும் பழக்கத்தில் கால் பின்சந்துப் பக்கம் திரும்பியது. நிறுத்தினேன். சேறு சொட்டச் சொட்டக் கூடத்தின் நடுவிலேயே திரும்பி நடந்தேன். வழவழவென்று தேய்த்து வைத்திருந்த தரையில் கால்தடம் பெரிது பெரிதாக விழுந்தது. மருமகள் ஒருத்தி துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். "நான் வாசலத் தாண்டினதும் தொடைம்மா. அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றேன். அவள் துணியோடு நின்றுவிட்டாள்.

கரையிலிருந்து கேட்டாயே. சத்தமாகத்தான் சொல்கிறேன், அங்கே கேட்கும்.

இருக்கேன்.

அண்ணன்
சாமுவேல்